சருகும் எருவும்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வீட்டு மக்கு உரம் குறித்த ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

புதுச்சேரி வட்டாரத்தில் புதுச்சேரி, உழவர்கரை ஆகிய இரு நகராட்சிகள் போக, அரியாங்குப்பம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, பாகூர், நெட்டப்பாக்கம் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள் உள்ளன. அவற்றுள் வில்லியனூரையும் பாகூரையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி ஆறும் ஊசுடேரியும். பாகூர்ப் பக்கம் தென்பெண்ணையும் பங்காரு வாய்க்காலும் பாகூர் ஏரியும். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வது இன்றும் வழக்கில் இருக்கிறது. இரண்டு கொம்யூன்களிலும் வீட்டைச் சுற்றிக் கொல்லை வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. கொல்லையில் இரண்டு தென்னை, ஒரு வேம்பு, ஒரு மா, முருங்கை, வேலியில் பூவரசு என்பது பொதுவான அமைப்பு.

மாசி பிறந்துவிட்டால் இந்தக் கொல்லைகளில் சருகு கொட்டத் தொடங்கும். காலையில் பெருக்கிக் குவித்து நெருப்பு வைத்துவிடுகிறார்கள். தெருவில் புகை மண்டுகிறது. அதே வீட்டார் ஆடியில் கத்தரி, வெண்டை, அவரை போட, சிமென்ட் சாக்கில் வரும் மண்புழு உரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பங்குனியில் எரித்ததை ஆடியில் விலைக்கு வாங்கும் இந்த நிலைமைதான் இவ்வாய்வுக்குத் தூண்டுதல்.

மக்கு உரம் தயாரிக்கும் முறை இவ்வூர்களில் பலருக்கும் தெரிந்ததே. பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் தொடர்ந்து செய்பவர்கள் சிலரே. காரணத்தை நான் மாதக் கணக்கில் காண்கிறேன். சருகு விழுவது ஒரு பருவம். அதை மக்க வைக்கத் தேவையான பச்சைக் கழிவு நிறையக் கிடைப்பது வேறு பருவம். முன்பு இரண்டுக்கும் நடுவே மாடு இருந்தது. மாடு இல்லாத வீட்டில் அந்த இடத்தைச் சருகுச் சேமிப்பால்தான் நிரப்ப முடியும். வைக்கோலைப் போர் போட்டு வைப்பது போலச் சருகையும் சேர்த்து வைத்து ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்பதே இங்கு நிறுவ முயலும் கருத்து. வணிக அளவிலான உரத் தயாரிப்பும் நகராட்சிக் குப்பைக் கிடங்குகளும் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே.

2. எருக்குழி இருந்தபோது

இவ்வூர்களின் பழைய வீடுகளில் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் எருக்குழி இருந்தது. காலையில் அள்ளிய சாணம், மாடு தின்று கழித்த வைக்கோல் கூளம், மூத்திரம் ஊறிய தரைமண், அடுப்புச் சாம்பல், வாசலும் கொல்லையும் பெருக்கிய சருகு எல்லாம் அதில் விழுந்தன. யாரும் விகிதம் பார்த்துப் போடவில்லை. ஆனாலும் விகிதம் பெரிதும் சரியாகவே அமைந்தது. சருகில் குறைவாக இருக்கும் தழைச்சத்தை மூத்திரம் ஊறிய கூளம் ஈடுகட்டியது. மாடு அன்றாடம் சாணம் போட்டதால், மாசியில் சருகு மிகுந்தாலும் ஐப்பசியில் குறைந்தாலும் குழி ஒரே சீராக நிரம்பியது. கோடையில் குழியை வெட்டி, வண்டியில் ஏற்றி, வயலில் குத்துக் குத்தாகக் கொட்டி, முதல் மழைக்குப் பின் கலைத்து உழுதார்கள்.

அந்தக் குழியை நான் மிகைப்படுத்திப் போற்றவில்லை. மேலே மூடாததால் வெயிலில் தழைச்சத்தின் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறந்தது. வடகிழக்குப் பருவமழையில் குழி நிரம்பி, மீந்த சத்தும் கரைந்து மண்ணுக்குள் இறங்கியது. தென்னைக்குப் பகையான வண்டுக்கு அது பிறப்பிடமாகவும் இருந்தது. குறைகள் பல இருந்தும் சருகை எரிக்கத் தேவையில்லாத வீட்டு முறை ஒன்றை அது காத்து வந்தது.

அந்த முறை குலைந்தது உழவு மாறியதோடு. உழவு மாடு போய் டிராக்டர் வந்தது. கதிர் அறுக்கும் இயந்திரத்தின் பின்னால் வைக்கோல் கட்டும் இயந்திரம் வந்து, வைக்கோல் கட்டுக்கட்டாக வெளியூர் போகிறது. பாகம் பிரித்ததில் கொல்லை சுருங்கியது. கொட்டில் இருந்த இடத்தில் அறை எழுந்தது. வாசலுக்குச் சிமென்ட் போட்டார்கள். மரங்கள் மட்டும் நின்றன. அவை உதிர்க்கும் சருகுக்கு அதுவரை இருந்த போக்கிடம் போய்விட்டது.

வில்லியனூர் கொம்யூனில் இதற்கு மாற்றுத் தேடிய முயற்சிகளும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உயிரி கிராமத் திட்டத்தைப் பிள்ளையார்குப்பம், சிவராந்தகம், கீழூர் ஆகிய கிராமங்களில் தொடங்கியது. காளான் வளர்ப்பு, கறவை மாடு வளர்ப்பு போன்ற வீட்டுத் தொழில்கள் அத்திட்டத்தில் இருந்தன. நம் பொருளுக்கு அதில் ஒரு பாடம் உண்டு. காளான் எடுத்து முடித்த வைக்கோல் படுக்கையைப் பூஞ்சை ஏற்கெனவே பாதி சிதைத்திருக்கும். மக்கு உரக் குவியலில் அது விரைவில் கலந்துவிடும். ஒரு வீட்டுத் தொழிலின் கழிவை இன்னொன்றின் மூலப்பொருளாக்கும் அந்தச் சிந்தனை, மாடு போன வெற்றிடத்தை நிரப்ப நமக்குத் தேவை.

3. உதிர்ந்த இலை வேறு, ஒடித்த இலை வேறு

மரம் இலையைச் சும்மா உதிர்ப்பதில்லை. உதிர்க்கும் முன் இலையிலிருந்த தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றில் பெரும்பங்கைக் கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. கீழே விழுவதில் கரியும் நார்ப்பொருளும் சுண்ணாம்புச் சத்துமே மிகுதி. அதே மரத்தில் பச்சையாக ஒடித்த கிளையின் இலையில் தழைச்சத்து அப்படியே இருக்கும். ஆகவே ஒரே வேம்பின் சருகும் தழையும் மக்கு உரக் குவியலுக்கு இரு வேறு பொருள்கள். சருகைத் தனியாகக் குவித்துவிட்டு ஆறு மாதமாகியும் மக்கவில்லையே என்று கைவிடுபவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

சருகுக்குள்ளும் வகை உண்டு. வேம்பும் புங்கனும் முருங்கையும் சின்ன இலை, மெல்லிய இலை. ஈரம் பட்டால் சீக்கிரம் சிதையும். பூவரசு நடுத்தரம். மா, பலா, முந்திரி இலைகள் தடித்தவை; மேலே மெழுகுப் பூச்சு உண்டு, நீரை உள்ளே விடாது. முந்திரி இலையில் துவர்ப்புப் பொருள் மிகுதி என்பதால் அது இன்னும் தாமதமாகும். நாட்டு வாதுமை இலை அகலமாகத் தட்டுத் தட்டாகப் படிந்து காற்றை அடைத்துவிடும்; தேக்கும் அப்படியே. இவற்றை நொறுக்காமல் போட்டால் குவியலுக்குள் பக்கம் பக்கமாக ஒட்டிய புத்தகத்தைப் பிரிப்பது மாதிரி இருக்கும். நடுவே ஈரமே எட்டியிராது. சவுக்கு ஊசி மிகவும் மெதுவாக மக்கும். அதை மக்கு உரத்துக்கு விரட்டாமல் செடிகளின் அடியில் மூடாக்காகப் பரப்புவது நல்லது.

தென்னைக்குத் தனி இடம் தர வேண்டும். பாகூர் வாய்க்கால் கரைகளில் விழும் மட்டையை முழுசாக மக்க வைக்க முயல்வது வீண் உழைப்பு. ஓலையை உரித்து ஈர்க்கைத் துடைப்பத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். மட்டையின் அடிப்பகுதி அடுப்புக்கு. மிஞ்சும் ஓலையை அரிவாளால் ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கினால் மக்கும். தென்னை ஓலையை மண்புழுவால் உரமாக்கும் முறையைக் காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அதில் ஓலையை முதலில் சாணக் கரைசலுடன் சில வாரம் ஊறவிட்டு மென்மையாக்கிய பிறகே புழுவை விடுகிறார்கள். பச்சையாக விட்டால் புழு தொடாது.

குவியலுக்குள் விடக்கூடாதவையும் உண்டு. கோரைக் கிழங்கும் அருகம்புல் வேரும் வீட்டுக் குவியலின் சூட்டில் சாவதில்லை; உரத்தோடு சேர்ந்து பாத்திக்குள் போய் முளைக்கும். அவற்றைக் கருப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கத்தரி வெயிலில் போட்டு, முழுதும் வெந்து காய்ந்த பின்னரே சேர்க்கலாம். ஏரி ஓரத்தில் மண்டும் நெய்வேலிக் காட்டாமணக்கின் தண்டு ஈரத்தில் துளிர்விடும். விதை கட்டிய பார்த்தீனியமும் வேண்டாம்.

4. கரியும் தழைச்சத்தும்: ஒரு கணக்கு

நுண்ணுயிர்கள் விரைந்து பெருக, குவியலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரி இருப்பது ஏற்றது. கரி மிகுந்தால் மக்குவது நின்றுவிடும். தழைச்சத்து மிகுந்தால் அது அம்மோனியாவாகப் பறந்து மூக்கை அரிக்கும். இது எல்லாப் பயிற்சியிலும் சொல்லப்படுவதுதான். நம் கொல்லைப் பொருள்களை வைத்து அதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் வேறொன்றும் தெரியவரும்.

நன்கு காய்ந்த சருகு 10 கிலோ எடுத்துக்கொள்வோம். அதில் கரி சுமார் 45 விழுக்காடு, தழைச்சத்து 0.75 விழுக்காடு என்று கொண்டால், கரி 4,500 கிராம், தழைச்சத்து 75 கிராம். விகிதம் 60-க்கு 1. இதற்குச் சாணம் சேர்ப்பது வழக்கம். பச்சைச் சாணம் 10 கிலோவில் 8 கிலோ தண்ணீர்தான். மீதி 2 கிலோவில் கரி ஏறத்தாழ 800 கிராம், தழைச்சத்து 36 கிராம். இரண்டையும் சேர்த்தால் கரி 5,300, தழைச்சத்து 111. விகிதம் 48-க்கு 1. அதாவது சருகுக்குச் சம எடை சாணம் போட்டும் குவியல் பசியோடுதான் இருக்கிறது. சாணம் நுண்ணுயிர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. தழைச்சத்தை அது தருவது நாம் எண்ணும் அளவுக்கு இல்லை. பழைய எருக்குழி வேலை செய்ததற்குக் காரணம் சாணத்தைவிட மூத்திரம் ஊறிய கூளம்தான் என்பது இந்தக் கணக்கில் தெளிவாகிறது. மாட்டின் தழைச்சத்துக் கழிவில் பெரும்பகுதி மூத்திரத்தில்தான் போகிறது.

இனி அதே குவியலில் வேலிக் கிளிரிசிடியாத் தழை 10 கிலோ சேர்ப்போம். காய்ந்த நிலையில் அது 2.5 கிலோ; கரி ஏறத்தாழ 1,050 கிராம், தழைச்சத்து 75 கிராம். மொத்தம் கரி 6,350, தழைச்சத்து 186. விகிதம் 34-க்கு 1 ஆகிவிட்டது. மேலும் ஒரு கிலோ கடலைப் பிண்ணாக்கைக் கரைத்து ஊற்றினால், அதிலுள்ள 70 கிராம் அளவு தழைச்சத்தால் விகிதம் 27-க்கு அருகே வந்துவிடும். சருகிலுள்ள கரியில் ஒரு பகுதி லிக்னின் என்னும் கடினப் பொருளாக இருப்பதால் நுண்ணுயிர் அதை உடனே தொடாது; ஆகையால் 34 என்பதே நடைமுறைக்குப் போதும். பிண்ணாக்கை மாட்டுக்குப் போடுவதே மேல்.

கிளிரிசிடியா இல்லாத வீட்டிலும் வழி இருக்கிறது. காய்கறித் தோல், பழத் தோல், மீன் கழுவிய நீர், வடித்த கஞ்சி, கொல்லையில் பறித்த பூக்காத களை, வெட்டிய வாழைத் தண்டு எல்லாம் பச்சைப் பக்கம் சேரும். மீன் செதிலையும் குடலையும் நடுக்குவியலில் ஆழமாகப் புதைத்து மேலே சருகு மூடினால் பூனை தோண்டாது, நாற்றமும் வராது. ஊசுடேரி, பாகூர் ஏரி ஓரங்களில் ஒதுங்கும் ஆகாயத்தாமரையும் நல்ல பச்சைப் பொருள்தான். ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். இரண்டு நாள் வெயிலில் வாட்டாமல் போட்டால் குவியல் சேறாகிவிடும்.

ஈரத்துக்குக் கருவி வேண்டாம். குவியலைப் புரட்டியதும் ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் இரண்டொரு துளி எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் மிகை, உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் குறை. எண்ணிக்கையில் சொன்னால் அது 50 முதல் 60 விழுக்காடு ஈரம். நீள அகல உயரம் மூன்றும் ஒரு மீட்டர் உள்ள குவியல் மூன்று நான்கு நாளில் உள்ளே 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்போது கை விட்டால் பொறுக்க முடியாது. அந்தச் சூடு சில நாள் நிலைத்தால் பெரும்பாலான களை விதைகள் அழியும். வாரம் இரண்டு கழித்துக் குவியலைப் பிரித்தால், பாதி கருத்த இலைகளின் மேல் சாம்பல் தூவினாற்போல வெள்ளை இழைகள் படர்ந்திருக்கும். நோய் என்று பயந்து சிலர் அதை அள்ளி எறிந்துவிடுகிறார்கள். நார்ப்பொருளை அரிக்கும் ஆக்டினோமைசீட்ஸ் என்னும் நுண்ணுயிர்த் தொகுதி அது. முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான சேர்மத்தை உண்டாக்குவதும் இந்த இனமே.

5. பருவம்

மாசி, பங்குனி சருகுக் காலம். இந்த இரு மாதத்தில் சேர்வதைக் குவியலாக்கி உடனே மக்க வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. பச்சைப் பொருள் அப்போது குறைவு, தண்ணீரும் பாடு. நொறுக்கிச் சாக்கில் கட்டி, மழை படாத கூரை ஓரத்தில் அடுக்கி வைப்பதே வேலை. காய்ந்த சருகைச் சாக்கோடு தரையில் போட்டு மிதித்தாலே பாதியாக நொறுங்கிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் குவியல் போட்டால் மேல்புறம் ஒரே நாளில் காய்ந்துவிடும். அந்த மாதங்களில் சருகுக்குச் சிறந்த இடம் தென்னம் பாத்தியும் வாழைக் கட்டையும்தான். மூடாக்காகக் கிடந்து ஈரத்தைக் காக்கும்.

ஆடியில் மாலை மழை தொடங்கிக் களையும் தழையும் கிளம்பும்போது முதல் குவியலைப் போட வேண்டும். சேமித்த சருகு அப்போது வெளியே வருகிறது. ஆடியில் போட்டது ஐப்பசிக்குள் பெரும்பாலும் மக்கிவிடும். பெருமழைக்கு முன் அதை எடுத்துச் சாக்கில் கட்டி நிழலில் வைத்தால், தைப் பட்டக் காய்கறிப் பாத்திக்குத் தயாராக இருக்கும்.

அடுத்து வருவது புயல் பருவம். இதைத் தனியே சொல்லக் காரணம் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது மரங்கள் வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது; ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது. தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பகுதிக் கிராமங்களைச் சூழ்ந்தது. புயலுக்குப் பின் கொல்லையிலும் தெருவிலும் கிடப்பது சருகன்று, பச்சை இலை. மரம் சத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ள நேரமில்லாமல் முறிந்து விழுந்த கிளைகள் அவை. தழைச்சத்து நிறைந்த அந்தத் தழை இரண்டு வாரம் ஈரத்தில் கிடந்தால் அழுகி நாறும், காய்ந்தால் எரிப்பார்கள். வீட்டில் மாசிச் சருகு ஐந்தாறு சாக்கு இருந்தால் அதே தழை முதல்தர மக்கு உரமாகும். காய்ந்ததும் பச்சையும் ஒரே வாரத்தில் ஒருசேரக் கிடைப்பது இவ்வட்டாரத்தில் அப்போதுதான். எட்டு மாதம் சாக்கில் கிடந்த சருகு முழுப்பயன் தருவதும் அப்போதே.

மழையில் குவியலைக் காக்க இரண்டு ஏற்பாடு போதும். செங்கல் அடுக்கி ஒரு முழம் உயர்த்திய மேடை. மேலே தென்னங்கீற்று மறைப்பு. பாகூரின் களிமண் பூமியில் தரைக்குக் கீழே குழி எடுப்பது கோடைக்கு மட்டுமே பொருந்தும். கார்த்திகையில் குழி கிணறாகிவிடும். வில்லியனூரில் மேட்டுப்பாங்கான கொல்லைகளில் குழி ஓரளவு தாங்கும்.

6. கலன்கள்

இடம் உள்ள வீட்டுக்குக் குவியலே சிறந்தது. நான்கு முளை அடித்துக் கம்பி வலை சுற்றினால் கோழி கலைக்காது. இடம் குறைந்த வீட்டுக்குச் சிமென்ட் உறை ஏற்றது. செப்டிக் டேங்குக்குப் போடும் அதே உறைதான்; ஊரூராகச் செய்து விற்கிறார்கள். இரண்டு உறையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடியில் செங்கல் துண்டு பரப்பி, பக்கங்களில் நாலைந்து துளை விட்டால் காற்றும் போகும், கசிவும் வெளியேறும். ஒன்று நிரம்பும்போது மற்றொன்றில் தொடங்க, இப்படி இரண்டு ஜோடி வேண்டும்.

கொல்லையே இல்லாத வீட்டுக்கு மண் தொட்டி. வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் கைவினைஞர்கள் சூளையில் மண் தொட்டியும் வருகிறது. சுடுமண் சுவர் ஈரத்தை மெல்ல வெளிவிடும் என்பதால், பிளாஸ்டிக் வாளியில் வரும் அழுகல் நாற்றம் இதில் குறைவு. அடியில் துளையிட்ட மூன்று தொட்டிகளை அடுக்கி, ஒவ்வொரு நாளும் ஒரு கை சமையல் கழிவுக்கு இரண்டு கை நொறுங்கிய சருகு என்று போட்டு வரலாம். இங்கேயும் தேவைப்படுவது சேமித்த சருகு. நகரத்தார் தேங்காய் நார்த்தூளை விலைக்கு வாங்கிப் போடுகிறார்கள். நம் ஊரில் அதற்குத் தேவையே இல்லை.

7. அச்சங்கள்

குவியல் போடச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது பாம்பைப் பற்றித்தான். கேள்வி நியாயமானது. வெறும் சருகுக் குவியல் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. ஆகவே குவியல் கிணற்றடிப் பாதையிலிருந்து விலகி, சுவரை ஒட்டாமல், நான்கு பக்கமும் தெரியும் வெட்டவெளியில் இருக்க வேண்டும். கையால் கிளறக் கூடாது. முதலில் கம்பால் தட்டிவிட்டு, மண்வெட்டியோ கவைக்கோலோ கொண்டு பகலில் புரட்ட வேண்டும். ஈரம் பிழிந்து பார்க்கவும் புரட்டிய உடனே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் எடுத்தால் போதும். சூடான, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரளும் குவியலில் பாம்பு தங்குவதற்கான வாய்ப்பு குறைவு. சாக்குகளைச் செங்கல் மேல் தூக்கி அடுக்குவதும் இதற்காகவே.

இரண்டாவது அச்சம் தென்னைக்காரர்களுடையது. காண்டாமிருக வண்டு எருக்குழியிலும் மக்கும் குப்பையிலும்தான் முட்டையிடும். வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் தடித்த புழு மாதக்கணக்கில் அதற்குள்ளேயே வளரும். வண்டாகி வெளியேறித் தென்னங்குருத்தைத் துளைக்கும். விரிந்த ஓலையில் கத்தரியால் வெட்டினது போன்ற முக்கோண வெட்டு தெரிந்தால் அது அதன் வேலை. பாகூர்ப் பக்கம் இதை அறியாத தென்னைக்காரர் இல்லை. இதற்காக மக்கு உரத்தையே விட்டுவிடச் சொல்வதை நான் ஏற்கவில்லை. புரட்டும் குவியலில் புழு வெளியே தெரியும். அந்த நேரம் கோழியை விட்டால் அது பார்த்துக்கொள்ளும். பச்சை மஸ்கார்டின் என்று சொல்லப்படும் மெட்டாரைசியம் பூஞ்சையைக் குவியலில் கலந்தால் புழு நோயுற்றுச் சாகும். வேளாண் அலுவலர்கள் பரிந்துரைக்கும் முறைதான் இது. விவரம் வேண்டுவோர் குரும்பாப்பட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம். உண்மையான ஆபத்து, ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமல் கிடக்கும் பழைய குப்பைமேடும் வெட்டிப் போட்டு அழுகும் தென்னை மரத்துண்டும்தான்.

கொசுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். குவியலில் கொசு வளராது. குவியலை மூடிய பிளாஸ்டிக் தாளின் மடிப்பில் தேங்கும் நீரில் வளரும். கீற்றுப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

8. முறைகளின் வரலாறு

இந்தியாவில் மக்கு உரம் அறிவியலாகப் பதிவானது ஆல்பர்ட் ஹோவார்டு இந்தூரில் இருந்த 1924 முதல் 1931 வரையிலான ஆண்டுகளில். யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1931-இல் வெளியானது. பயிர்க் கழிவு, சாணம், மூத்திர மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கிக் குறித்த நாளில் புரட்டுவது இந்தூர் முறை. 1939-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.என். ஆச்சார்யா உருவாக்கியது, குழியில் அடுக்கி மண் பூசி மூடிப் புரட்டாமல் விடும் முறை. மகாராட்டிரத்தின் நாராயண் பாந்தரிபாண்டே வடிவமைத்த செங்கல் தொட்டி, அவர் பெயரின் முதலெழுத்துகளால் நாடெப் என்று வழங்குகிறது. சென்னையில் சுல்தான் இஸ்மாயில் நம் மண்ணுக்குரிய மண்புழுக்களைக் கொண்டு உரம் தயாரிப்பதைப் பரப்பினார்.

இவற்றில் எது நமக்கு என்று கேட்டால், இந்தூர் முறையின் அடுக்கலும் புரட்டலும் என்பேன். பெங்களூர் முறை உழைப்பைக் குறைக்கும். ஆனால் மழைக்காலக் களிமண்ணில் மூடிய குழி நீரில் ஊறும். புரட்டாததால் வண்டுப் புழுவும் கண்ணில் படாது. நாடெப் தொட்டி பெரிய பண்ணைக்கு. மண்புழு முதல் சூடு தணிந்த பிறகு விடத்தக்கது. 55 டிகிரியில் அது வெந்துபோகும். கொல்லை மண்ணோடு ஒட்டிய குவியலுக்குப் புழு வாங்கவே வேண்டாம். சூடு இறங்கியதும் தானே ஏறி வரும்.

உரம் முதிர்ந்ததா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று போதும். ஒரு சிரட்டையில் உரமும் இன்னொன்றில் கொல்லை மண்ணும் போட்டு, இரண்டிலும் முளைக்கீரை விதையைத் தூவுங்கள். உரத்தில் முளைப்பு குறைந்தாலோ நாற்று மஞ்சளித்தாலோ இன்னும் ஒரு மாதம் விட வேண்டும். முதிராத உரம் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். பலரும் உரம் போட்டும் செடி வெளுத்தது என்று குறைப்படுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

9. தீயும் சட்டமும்

சருகு எரியும்போது தழைச்சத்தில் பெரும்பகுதியும் கந்தகத்தில் ஒரு பகுதியும் வாயுவாகப் போய்விடுகின்றன. சாம்பலில் மிஞ்சும் சாம்பல்சத்து நீரில் எளிதில் கரைவது. அடுத்த மழையில் அது ஓடிவிடும். இலையில் இருந்த கரி, அதாவது மண்ணுக்கு உணவாக வேண்டியது, அறவே இல்லாமல் போகிறது. ஈரச் சருகு புகைந்து எழுப்பும் நுண்துகள் பக்கத்து வீட்டுக் குழந்தையின் நுரையீரலில் போய்த் தங்குகிறது.

2016-இல் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள், தோட்டக் கழிவை வீட்டு வளாகத்திலேயே தனியே சேர்த்து வைத்து உள்ளாட்சியின் அறிவுறுத்தல்படி அகற்ற வேண்டும் என்றன. தெருவிலும் பொது இடத்திலும் எரிப்பதைத் தடுத்தன. அதே ஆண்டு டிசம்பர் 22-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதம் விதித்தது. எரிக்காதே என்ற ஆணை இப்படி வந்தது. எரிக்காவிட்டால் மாசியில் அந்தச் சருகை எங்கே வைப்பது என்ற கேள்விக்குக் கிராமத்து வீட்டாருக்கு யாரும் விடை சொல்லவில்லை. அபராதம் சொல்லிச் சருகு எரிப்பதை நிறுத்திவிடலாம் என்று நான் நம்பவில்லை.

விடை கொம்யூன் பஞ்சாயத்தின் கையில் இருக்கிறது. தை முடிவதற்குள் ஒவ்வொரு கிராமத்திலும் பழைய உரச் சாக்குகளைத் திரட்டி வீட்டுக்கு நான்கு என்று கொடுக்கலாம். கொம்யூனுக்கு ஒரு தழை நறுக்கும் இயந்திரத்தை டிராக்டரில் ஏற்றி, மாசி பங்குனியில் தெருத் தெருவாகவும் புயலுக்கு மறுவாரம் ஊர் ஊராகவும் அனுப்பலாம். கோயில் தோட்டமும் பள்ளி வளாகமும் தங்கள் மரச் சருகை எரிக்காமல் முதலில் சேர்த்துக் காட்டட்டும். வில்லியனூர், பாகூர் கொம்யூன் அதிகாரிகள் அடுத்த மாசிக்கே இதைத் தொடங்க வேண்டும். வீட்டார் அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த ஆண்டு விழும் சருகில் நான்கு சாக்காவது கட்டி வையுங்கள்.